கையெழுத்துக்கு அவசரமில்லை

மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான் என்று பரிசோதனை முடிவு வருகிற மாதமும், இந்தக் கல்யாணம் இனித் தேறாது என்று மனசுக்குத் தெரிந்துபோகிற மாதமும் சில பெண்களுக்கு ஒன்றாகவே வந்துவிடுகின்றன. குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக நடந்து திரிந்த காலத்திலும், ஓய்வுபெற்ற பிறகும், அப்படிப்பட்ட பெண்கள் என் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதையும் வக்கீலிடம் சொல்லப் பயந்ததையும் என்னிடம் சொன்னார்கள். பிரசவம் பார்த்தவள், பிள்ளைக்கு ஊசி போட்டவள் என்ற உரிமையில் வந்தவர்கள். அவர்களுக்குச் சொல்லி வந்ததையே இங்கே எழுதி வைக்கிறேன். வைத்தியத்தை உடனே தொடங்கு. கல்யாணக் கணக்கைப் பிறகு முடித்துக்கொள். இரண்டையும் ஒரே பேச்சில் வைத்துப் பேரம் பேச யாரையும் விடாதே.

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. சோளமும் நிலக்கடலையும் முருங்கையும் மழையை நம்பித்தான். அதனால் வீட்டுக்கு ஒரு பெண்ணாவது வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லுக்கு வேன் ஏறுகிறாள். ஆண்களில் பலருக்குக் கரூரில் கொசுவலை கம்பெனியிலோ பஸ் பாடி கட்டும் பட்டறையிலோ வேலை. அவள் இரவு ஷிப்டு முடிந்து வரும்போது அவன் கிளம்பிப் போயிருப்பான். இதில் குடி சேர்ந்தாலும், கடன் சேர்ந்தாலும், வேறு ஒருத்தி சேர்ந்தாலும் குடும்பம் விரிசல் விடுவதற்கு வெகு நாள் ஆவதில்லை. அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை, சமாதானம், மறுபடி சண்டை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி ஊரையும் உறவையும் மாற்றித்தான் சொல்கிறேன். மில் வேலை, இரண்டு பிள்ளைகள். தாய் வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, நகை எத்தனை பவுன், சீர்ப் பாத்திரம் என்னென்ன, பிள்ளைகள் யாரிடம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில் குளிக்கும்போது அவள் கைக்குக் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. வலி இல்லை. வலிக்காததால் பேசாமல் இருந்துவிட்டாள். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் சண்டை நடக்கிற வீட்டில் ஒரு பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றி நினைப்பதே குற்றம்போல் தோன்றுகிறது.

என்னிடம் வந்தபோது அவள் சொன்னாள்: "நர்சம்மா, பஞ்சாயத்து முடியட்டுங்க. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறேன். இப்பப் போனா அவங்களுக்குத் தெரிஞ்சிரும். நோயாளிப் பொண்ணக் கட்டி வெச்சு ஏமாத்திட்டீங்கன்னு பேச்சே மாறிப்போகும்."

"பஞ்சாயத்து எப்ப முடியும் கண்ணு?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது. பஞ்சாயத்துக்கு நாள் தள்ளிப் போடலாம், ஆள் வரவில்லை என்று கலைந்து போகலாம், ஆடி கழியட்டும் என்று விடலாம். கட்டிக்கு அப்படியொரு பொறுமை கிடையாது. பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2020-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, பல நாட்டுத் தகவல்களைச் சேர்த்துப் பார்த்து, மார்பக அறுவைச் சிகிச்சை ஒவ்வொரு நான்கு வாரம் தள்ளிப்போகும்போதும் இறப்புக்கான ஆபத்து ஏறத்தாழ 8 சதவீதம் கூடுகிறது என்று சொன்னது. இதைக் கேட்டுப் பதறி நாளைக் காலையிலேயே கத்தி வைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. சதை எடுத்துச் சோதிக்க, அந்தக் கட்டி எந்த ஹார்மோனுக்கு வளர்கிறது என்று பார்க்க, வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சில வாரங்கள் ஆகத்தான் செய்யும். அந்த வாரங்கள் வைத்தியத்துக்கு உரியவை. பஞ்சாயத்துக்காக மாதங்களைக் கொடுப்பது வேறு.

அவளுடைய பயம் வெறும் பிரமை இல்லை. நோய் தெரிந்ததும் பேச்சு மாறிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதுவரை பத்துப் பவுன் திருப்பித் தருவதாகச் சொன்னவர்கள், வைத்தியச் செலவு தங்கள் தலையில் விழுமோ என்று பயந்து, உடனே எழுதி முடித்துவிடலாம் என்று அவசரப்படுவார்கள். இன்னும் சிலர், "வைத்தியத்துக்கு இவ்வளவு பணம் தருகிறோம், கையெழுத்தைப் போட்டுவிடு" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகக்கூடத் தோன்றும். கையில் பணமில்லாத பெண், அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் பெண், போட்டுவிடுவாள்.

இதே போன்ற பேரம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2015 டிசம்பரில் நீதிபதிகள் எம்.ஒய். இக்பால், சி. நாகப்பன் அமர்வு அதில் உத்தரவிட்டது. மும்பையில் விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்த ஒரு தம்பதி. மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். பரஸ்பர சம்மதத்தில் பிரிந்துவிடுகிறோம், மனைவிக்குக் கணவர் பன்னிரண்டரை லட்சம் ரூபாய் தருவார் என்று இருவரும் ஒப்பந்தத்தோடு வந்து நின்றார்கள். மற்ற வழக்காக இருந்தால் நீதிமன்றம் அதை ஏற்று முடித்திருக்கும். இதில் நீதிபதிகள் நின்று யோசித்தார்கள். வைத்தியத்துக்குப் பணம் வேண்டும் என்ற நெருக்கடியில் ஒரு பெண் தருகிற சம்மதம் உண்மையான சம்மதமா என்ற கேள்வியை எழுப்பினார்கள். மனைவியின் வைத்தியத்தைக் கவனிப்பது கணவனுக்கு ஏற்கெனவே உள்ள கடமை, அந்தக் கடமையையே விலையாகக் கொடுத்து விவாகரத்தை வாங்க முடியாது என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். 5 லட்சத்தை உடனே கொடுக்கச் சொன்னார்கள். விவாகரத்தை, அவர் குணமான பிறகு குடும்ப நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று தள்ளி வைத்தார்கள்.

இந்தத் தீர்ப்பைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கணவன்தான் இந்துப் பெண்ணுக்குத் தெய்வம், அவள் வாழ்க்கையே அவனுக்குச் செய்யும் சேவை என்கிற பழைய பேச்சும் அதற்குள் வருகிறது. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் பெண்கள் அடியை வாங்கிக்கொண்டு இருந்தார்கள். அது இல்லாமலே அந்தத் தீர்ப்பு நியாயமாக நின்றிருக்கும். ஆனாலும் அதன் நடுவில் இருக்கிற ஒரு விஷயத்தை நான் விடமாட்டேன். உயிர்ப் பயத்தில் இருக்கும் பெண்ணிடம் வாங்கும் கையெழுத்து செல்லாத கையெழுத்து மாதிரிதான். இதைப் பெரிய கோர்ட்டே யோசித்திருக்கிறது என்று சொன்னால் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் கொஞ்சம் நிதானிக்கிறார்கள்.

அந்தப் பெரியவர்களுக்கும் இரண்டொரு விஷயம் சொல்ல வேண்டும். பத்திரத்தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுத் தீர்த்துவிடும் பழக்கம் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது. தங்கள் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக உண்டு என்று கோர்ட்டில் நிரூபித்தால் ஒழிய, அது விவாகரத்து ஆகாது. புற்றுநோய் வந்தது என்பதற்காக விவாகரத்துக் கேட்கவும் இந்துத் திருமணச் சட்டத்தில் இடம் இல்லை. ஒரு காலத்தில் தொழுநோய் அந்தப் பட்டியலில் இருந்தது, 2019-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே பரஸ்பர சம்மத மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்ட பெண்ணுக்கும் வழி இருக்கிறது. தீர்ப்பு வருகிற நாள்வரை அவள் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதெல்லாம் ஒரு வக்கீலிடம் கேட்டுச் செய்ய வேண்டியவை. வக்கீலுக்குப் பணம் எங்கே என்றால், பெண்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு. கோர்ட்டு வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் எங்கே என்று கேட்டுப் போக வேண்டியதுதான்.

அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு வேறு பயம். இளையவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் தங்கச்சியை யார் கட்டுவார்கள்? "கர்ப்பப்பைக் கட்டின்னு சொல்லிக்கலாமா நர்சம்மா?" என்று கேட்டார் அந்த அம்மா. அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. மார்பகப் புற்றுநோய் வருகிற நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் அது பரம்பரையாக வருகிறது. மற்றவர்களுக்கு அக்காவுக்கு வந்ததால் தங்கச்சிக்கு வரும் என்று சொல்ல முடியாது. அந்தச் சிலரில் ஒருத்தி என்றால் தங்கச்சி இதை முன்னாடியே தெரிந்துகொண்டு பரிசோதித்துக்கொள்வதுதான் அவளுக்கு நல்லது. மறைத்தால் இரண்டு பெண்களுக்கும் கெடுதல். இந்தியாவில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடத்தில் இருக்கிறது. 2022-இல் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதிப்பிட்டது. இவ்வளவு வீடுகளில் இருக்கிற நோயை ஒரு வீட்டின் சாபம் என்று எப்படிச் சொல்வது?

சாபம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. "அவர் கொடுத்த கஷ்டத்துல மனசு நொந்துதான் இந்தக் கட்டி வந்துச்சு" என்று பல பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதே நோய்க்குப் புருஷன் வீட்டில் வேறு காரணம் இருக்கும்: தாலி கட்டினவனை விட்டுவிட்டு வந்த பாவம். நான் இரண்டையும் ஏற்கவில்லை. கையில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு கட்டி வளரப் பெரும்பாலும் வருஷக்கணக்கில் ஆகும். போன தீபாவளிச் சண்டையில் அது முளைத்திருக்க முடியாது. மனவேதனை மார்பகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று மருத்துவம் இதுவரை உறுதியாக நிரூபிக்கவில்லை. அவன் செய்த கொடுமை கொடுமைதான், அதற்கு அவன் பதில் சொல்ல வேண்டும். ஆனால் நோயையும் அவன் கணக்கில் எழுதினால், அவன் திருந்தினால் நோய் தீரும் என்று மனசு ஓரத்தில் காத்திருக்கத் தொடங்கிவிடும். அந்தக் காத்திருப்பில் மருந்து தள்ளிப்போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அறுவைச் சிகிச்சை எப்படி என்ற முடிவிலும் புருஷன் வந்து நின்றுகொள்கிறான், ஊரிலேயே இல்லாவிட்டாலும். ஒருத்தி டாக்டரிடம், "முழுசா எடுத்துருங்க, இனி யாருக்காக இதை வெச்சிருக்கப் போறேன்" என்றாள். இன்னொருத்தி, "எடுக்காதீங்க, எடுத்துட்டா அவர் திரும்பியே வரமாட்டார்" என்று அழுதாள். ஒருத்தி மார்பைக் கொடுக்கத் துணிந்தாள், மற்றவள் உயிரையே பணயம் வைத்தாள். இரண்டு பேரும் முடிவெடுத்தது இல்லாத ஒருவனை நினைத்துத்தான். சின்னக் கட்டியாக இருந்தால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிரியக்கம் கொடுப்பது, மார்பு முழுவதையும் எடுப்பதற்குச் சமமாக உயிரைக் காக்கிறது என்று அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற அறுவை மருத்துவரின் ஆய்வு 1985-லேயே காட்டிவிட்டது. கட்டி பெரிதாக இருந்தால், பல இடத்தில் இருந்தால், முழுவதும் எடுக்க வேண்டி வரலாம். சில சமயம் முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கிவிட்டுப் பிறகு எடுப்பார்கள். என் கட்டிக்கு எது சரி, ஏன் சரி, அதற்குப் பிறகு மதுரைக்கு எத்தனை நாள் போய்வர வேண்டும் என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, குளியலறையில் தன்னைத் தானே பார்க்கப்போகிற பெண் தனக்காக முடிவு செய்ய வேண்டும்.

கையெழுத்து இங்கேயும் வருகிறது. "புருஷன் வந்து கையெழுத்துப் போடட்டும்" என்று ஆஸ்பத்திரியில் யாராவது சொன்னால் பயந்து திரும்பி வந்துவிடாதே தாயி. வயது வந்த, நினைவோடு இருக்கிற பெண்ணுக்குச் செய்யும் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதம்தான் சம்மதம். ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது அவள் அம்மாவின் சம்மதத்தை வாங்கி அறுவை செய்த வழக்கில், அந்தச் சம்மதம் போதாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்ற அம்மாவின் கையெழுத்தே போதாது என்றால், பிரிந்து போனவன் கையெழுத்துக்கு என்ன அவசியம்? உடன் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். அது அக்காவாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், மில்லில் பக்கத்து மெஷினில் நிற்கும் சிநேகிதியாகவும் இருக்கலாம்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன் உடம்பில் இருக்கும் நகை எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியையும் சேர்த்துத்தான். அந்த நேரத்தில் உடைந்து போகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சேர்ந்து வாழ்கிற பெண் அதை மஞ்சள் துணியில் முடிந்து அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பிரிந்து வந்தவளுக்கு அது வேறு கேள்வியாக வந்து நிற்கும். வெளியே வந்து மறுபடி போட்டுக்கொள்வதா, போடாமல் விட்டுவிடுவதா? அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது, "இன்னைக்கு அதை முடிவு பண்ண வேண்டாம் கண்ணு. அம்மாகிட்ட இருக்கட்டும்" என்பதுதான். பக்கத்துக் கட்டில் உறவுக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளைப் பார்த்துப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

இனிப் பணம். நோயும் பிரிவும் சேர்ந்து வரும்போது ரேஷன் கார்டில்தான் முதல் முட்டு விழுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை, மருந்து, கதிரியக்கம் எல்லாம் அதில் அடங்கும். குடும்பம் என்பதை ரேஷன் கார்டு வைத்துத்தான் பார்க்கிறார்கள். இவள் பெயரோ புருஷன் வீட்டுக் கார்டில். கார்டு அவன் அம்மாவின் பீரோவில். தர மறுப்பார்கள், பெயரை நீக்கவும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விவாகரத்துத் தீர்ப்புக் கையில் இல்லாவிட்டாலும், பிரிந்து தனியாக வாழ்வதை விசாரித்துத் தெரிந்துகொண்டு பெயரை நீக்கி, அந்தப் பெண்ணுக்குத் தனிக் குடும்ப அட்டை தர அதிகாரிகளுக்கு வழி இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். ஆனால் அது கைக்கு வரும்வரை வைத்தியத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். பழைய கார்டில் பெயர் இருக்கும்வரை அந்தக் காப்பீடு அவளுக்கும் உரியதுதான். அட்டை எண்ணைத் தெரிந்துகொண்டு ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுப் பார்க்கலாம். அவசரப்பட்டுப் பழைய கார்டில் பெயரை நீக்கிவிட்டு, புதியதும் வராமல் நடுவில் நிற்பதுதான் கூடாது.

மில்லுக்குப் போகிற பெண்ணுக்கு இன்னொரு பலம் உண்டு, பலருக்கு அது தெரிவதில்லை. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தால், இரண்டு வருஷம் வேலையில் இருந்து, அதில் 156 நாளுக்காவது சந்தா கட்டியிருந்தால், புற்றுநோய் போன்ற நெடுநாள் நோய்க்குக் கூலியில் 80 சதவீதத்தை இரண்டு வருஷம் வரை விடுப்புக் காலத்தில் வாங்கலாம். எங்கள் பெண்கள் செய்வது என்ன? நோய் என்றதும் வெட்கப்பட்டுக்கொண்டு, காரணம் சொல்லாமல் வேனுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். பேர் வெட்டுப்படுகிறது. புருஷனும் இல்லை, சம்பளமும் இல்லை, இ.எஸ்.ஐ.யும் இல்லை. அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு அவள் அண்ணன் மில்லுக்குப் போய் ரிப்போர்ட் நகலைக் கொடுத்து, முறைப்படி விடுப்பு வாங்கினான். அந்த வருஷம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். நகைப் பேச்சில் குரலை உயர்த்திய உறவினர் பத்துப் பேரைவிட அந்த அண்ணன் செய்தது பெரிது என்று நான் அவனிடமே சொன்னேன்.

வைத்தியச் செலவைப் புருஷனிடம் கேட்பது பிச்சை இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் வருஷச் சட்டத்தில், கொடுமைக்கு ஆளான மனைவிக்கு மருத்துவச் செலவு உள்பட நிதி உதவி தரும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். கணவனோடு சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமையும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. திண்டுக்கல்லில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் போய்ச் சொல்லலாம், 181 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். இதைச் செய்வதால் விவாகரத்து முடிவாகிவிடாது, சேர்ந்து வாழ வேண்டும் என்றும் ஆகிவிடாது. செலவுக்கு வழி தேடுவது மட்டும்தான். பில், மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தால் போதும்.

இவ்வளவு சொன்னதால் ஆண்கள் எல்லோரும் ஓடிப்போகிறவர்கள் என்று நான் நினைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2009-இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், மூளைக் கட்டி போன்ற கடும் நோய் வந்த 515 பேரை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நோயாளி பெண்ணாக இருந்த குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பிரிந்திருந்தன. நோயாளி ஆணாக இருந்தால் நூற்றுக்கு 3. படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பு டென்மார்க்கில் நாடு முழுவதும் இருக்கும் பதிவேடுகளை வைத்துப் பார்த்தவர்கள் வேறு செய்தி சொல்லியிருந்தார்கள். அங்கே மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக விவாகரத்து நடக்கவில்லை. மதுரைப் பாலரெங்காபுரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவிக்குக் கதிரியக்கம் முடியும்வரை வயர்க் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆண்கள் நிறையப் பேர். நல்ல கல்யாணத்தை நோய் உடைத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஏற்கெனவே விரிசல் விட்ட கல்யாணத்தை நோய் ஒட்ட வைத்துவிடும் என்று நம்புவதற்கும் இல்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நோய் தெரிந்ததும் சில புருஷர்கள் திரும்பி வருகிறார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு கட்டில் பக்கத்தில் நிற்பார்கள். சுற்றியிருக்கிறவர்கள் உடனே, "பாத்தியா, வந்துட்டாருல்ல, பழசை மறந்துரு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ராமகிரிப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டது பலித்தது என்று மாமியார் கண்ணைத் துடைப்பார். அந்தப் பாசம் நிஜமாகவும் இருக்கலாம், ஊர் வாய்க்குப் பயந்து வந்ததாகவும் இருக்கலாம். மருந்து ஏறி, வாந்தி எடுத்து, முடி கொட்டிக் கிடக்கும் பெண்ணால் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட அவளை அவசரப்படுத்தக் கூடாது என்று சொல்லும் நானே, சேர்ந்து வாழ வா என்று அவசரப்படுத்தவும் கூடாது என்கிறேன். வரட்டும், கூடையைத் தூக்கட்டும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டட்டும். வீட்டுக்குத் திரும்புவதா என்ற பேச்சு மட்டும் வைத்தியம் முடிந்த பிறகு. அடித்தவன் என்றால், அந்தப் பேச்சு நடக்கும்போது அவளோடு யாராவது இருக்க வேண்டும்.

நான் காந்திகிராமத்துக்குப் பயிற்சிக்குப் போன நாளில் அங்கே டாக்டர் சௌந்தரம் அம்மாவைப் பற்றிச் சொல்லாத ஆசிரியர் இல்லை. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அதற்குப் பிறகு மருத்துவம் படித்தார், ஜி. ராமச்சந்திரனை மணந்தார், 1947-இல் அவரோடு சேர்ந்து காந்திகிராமத்தை உண்டாக்கினார். விதவைக் கோலத்தில் மூலையில் உட்கார்ந்திருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். கல்யாணம் முடிந்துபோனால் பெண்ணின் கதை முடிந்தது என்று நினைக்கிற ஊரில், நாங்கள் படித்த கட்டடமே அதற்கு மறுப்பாக நின்றது.

அந்தப் பெண்ணுக்கு மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். கதிரியக்கத்துக்கு வாரத்தில் ஐந்து நாள் போக வேண்டும் என்பதால் மதுரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினாள். ஊரில் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள், ஷாக் அடிக்குமோ என்று முதல் நாள் பயந்தாள். அப்படி ஒன்றும் இல்லை, தோல் கருத்துப் புண்ணாகும், கொஞ்ச நாளில் ஆறும். ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கினால் போதும். அதை அவளே கண்டுபிடித்து எனக்குச் சொன்னாள். பஞ்சாயத்து இதற்கிடையில் இரண்டு முறை கூடியது. "என் வைத்தியம் முடியட்டும், அதுக்கப்புறம் வாரேன்" என்று சொல்லி அனுப்பினாள். அவள் அப்படிச் சொல்ல முடியும் என்றே அதுவரை யாரும் நினைத்திருக்கவில்லை.

எல்லாம் முடிந்து, முடி வளர்ந்து, மறுபடி ஷிப்டுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் கோர்ட்டுக்குப் போனாள். பிரிந்துவிடுவது என்றுதான் முடிவு செய்தாள். பிள்ளைகள் அவளோடு. நகையில் ஒரு பகுதியும் வைத்தியச் செலவில் ஒரு பகுதியும் வந்தது, முழுவதும் வரவில்லை. மனுவில் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னாள். ஹார்மோன் மாத்திரையை இன்னும் சில வருஷம் தினமும் போட வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை மற்ற மார்பையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அக்காவுக்கு என்ன நோய் என்று அந்த அம்மாவே முதலில் சொல்லிவிட்டார்.

இதைப் படிக்கிறவர் நோயாளியாக இல்லாமல் அவளுடைய அம்மாவாகவோ அண்ணனாகவோ சித்தியாகவோ இருந்தால், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவளிடம் "அவன் என்ன சொன்னான்" என்று கேட்பதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். "டாக்டர் என்ன சொன்னார்" என்று கேளுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது நீங்களும் உள்ளே போய், சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பயத்தில் இருக்கிறவளுக்குப் பாதி காதில் விழாது. தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்காதீர்கள், இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. முதல் தடவை மருந்து ஏற்றும் நாளில் யார் கூடப் போவது, அன்று சாயங்காலம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டி வருவது என்பதை இன்று ராத்திரியே உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள்.